சின்னவள் அனுப்பிய பொடி

ஜனவரி 12

அன்புள்ள சிட்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பாதி சுகம் என்று வைத்துக்கொள். உன் ஒற்றைத் தலைவலி விட்டதா? மாப்பிள்ளையின் கப்பல் இப்போது எந்தக் கடலில்?

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அதை எடுத்தாலே அப்பா படுத்தபடியே, "ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். அவரைப் பற்றி அவர் எதிரிலேயே என்ன பேசுவது? அதனால்தான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத வேளையாகப் பார்த்து, லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய டப்பா வந்து சேர்ந்தது. கோகோவும் காளானும் கலந்த பானப் பொடி என்று மேலே போட்டிருக்கிறது. திறந்து மோந்து பார்த்தேன். முதலில் சாக்லேட் வாசனை, அதற்குப் பின்னாலேயே மழையில் ஊறின மரக்கட்டை வாசனை. அப்பா தொடமாட்டார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் எதைத்தான் தொட்டார்? நான் சூப் கொண்டுபோனால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ஆயுசு முழுக்க சலூன் வைத்து, தலையை வெட்டிக்கொண்டே ஊர்க்கதை அத்தனையும் பேசின மனுஷன். இப்போது கீழே தன் பழைய கடையில் வேறொருவரின் கத்தரிச் சத்தத்தைக் கேட்டபடி மேலே சுருண்டு கிடக்கிறார்.

"என்னது அது?" என்றார்.

"சிட்டு அனுப்பியிருக்கா. கலக்கிக் குடிக்கற பொடி."

"சின்னவளா அனுப்பிச்சிருக்கா? கொண்டா, கொண்டா."

ஒரு மடக்கு குடிப்பார் என்று பார்த்தேன். முழுசாகக் குடித்தார். ஸ்பூனையும் நக்கினார். நான் சூப்பை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினேன்.

ஒன்று விசாரித்து எழுது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறதென்று, ரத்தம் கட்டாமல் இருக்க அவருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் இல்லையா? அதோடு இந்தப் பொடி ஒத்துப்போகுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 27

என் தங்க அக்காவுக்கு,

உன் சிட்டு. நான் ரொம்ப ரொம்ப நன்றாக இருக்கிறேன். தலைவலியா? அது எங்கே போனதென்றே தெரியவில்லை, எல்லாம் இந்தப் பொடியால்தான். அவர் வடக்கே எங்கோ குளிரில் கப்பலின் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உன் முழங்கால் எப்படி?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறையில் நின்று அழுதேன். ஸ்பூனை நக்கினாரா! வேறென்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுது, உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காமல்.

கவனமாகக் கேட்டுக்கொள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தண்ணீர் கொதிக்கக் கூடாது, கை பொறுக்கிற சூடு போதும். கோகோ ரத்த ஓட்டத்துக்கும் மனசு தெளியவும். ரெய்ஷி என்ற காளான் தூக்கத்துக்கும் எதிர்ப்புச் சக்திக்கும். இன்னொன்று சிங்கத்தின் பிடரி மாதிரி தொங்குகிற வெள்ளைக் காளான், அது ஞாபகத்துக்கு. நம் செல்லுக்குள்ளேயே போய் வேலை செய்கிறதாம். வாரா வாரம் மண்டபம் நிறைய ஜனத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து நான் இதைச் சொல்கிறேன் அக்கா! பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்கத் திணறின உன் சிட்டு!

மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இது மருந்தே இல்லை, சாப்பாடு மாதிரி, இயற்கையானது, எதோடும் ஒத்துப்போகும் என்று பொடி விற்கிற எங்கள் குழுத் தலைவி சொல்கிறார். பயப்படாதே. நீயும் ஒரு ஸ்பூன் போட்டுக்கொள், முழங்காலுக்கு நல்லது.

அப்பா எழுந்து உட்கார்ந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

முத்தங்களோடு,
சிட்டு


பிப்ரவரி 21

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாப்பாடு என்கிறாய், பத்து நோய்க்குப் பதில் சொல்லும் என்றும் நீயே எழுதுகிறாய். எந்தச் சாப்பாடு இத்தனை வேலை பார்க்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு ஸ்பூன் போட்டுப் பார்த்தேன். முழங்கால் முன்பு வலித்த மாதிரியேதான் வலிக்கிறது.

நீ கேட்டபடி, என் சரக்கைச் சேர்க்காமல் எழுதுகிறேன். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தது மட்டுமா? ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிறவர் தலைக்கெல்லாம் மார்க் போடுகிறார். "பின்கழுத்தைக் கொத்தி வெச்சிருக்கான் பாரு, எந்தப் பாவி கை வெச்சானோ." போன வாரம் படியிறங்கிக் கீழே சலூனுக்கே போய்விட்டார். புது சலூன்காரர் மரியாதை தெரிந்தவர். தன் சுழல் நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்து, காத்திருக்கிற ஆட்களுக்கு அறிமுகம் செய்தாராம்.

அங்கே அப்பா என்ன சொன்னார் தெரியுமா? அதையும் அப்படியே எழுதுகிறேன். "எல்லாம் என் சின்னது அனுப்பற பொடி. அவ்வளவு தூரத்துல இருந்தாலும் அவளுக்குத்தான் என் ஞாபகம்."

இப்போது தெருவில் நான் நடந்தால், பார்க்கிறவரெல்லாம் என்னைக் கேட்கிறார்கள்: "உங்க தங்கச்சி அனுப்பற பொடியாமே?" மருந்துக்கடைக்காரர் கேட்கிறார். கண்ணாடி போட வருகிறவர் கேட்கிறார். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டி எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

தினம் காலையில் அவர் கையைத் தூக்கு, இறக்கு என்று பயிற்சி கொடுத்தது, மாடி வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் நடை பழகியது, உப்பைக் குறைத்தது, அவர் கத்தினது, நான் கத்தினது, இதெல்லாம் எந்த டப்பாவில் வரும் சிட்டு? சும்மா கேட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே.

போட்டோ இதோடு இருக்கிறது. சலூன்காரர்தான் எடுத்தார். அப்பா தனியாக நிற்கமாட்டேன் என்றதால் நானும் நிற்கிறேன். பச்சை ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன், பார்.

உன் தலைவலி நிஜமாகவே போய்விட்டதா?

உன் அக்கா


மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

ஓட்டமும் நடையுமாக எழுதுகிறேன். நான் சுகம். நீ சுகமா? அப்பா சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை அவர் குரலிலேயே கேட்டேன். என்ன கணீரென்ற குரல்!

ஒரு சந்தோஷச் செய்தி. இந்த வட்டாரத்திலேயே எங்கள் குழுதான் முதலிடம். மேடையில் ஏற்றி மாலை மாதிரி ஒரு ரிப்பன் போட்டார்கள். இத்தனைக்கும் காரணம் அப்பாதான். அவர் கதையைச் சொன்னால் மண்டபத்தில் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. அதனால் அவரை வைத்தே ஒரு நோட்டீஸ் அடித்துவிட்டோம். இதோடு ரெண்டு வைத்திருக்கிறேன். அப்பாவிடம் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

உன் ஸ்வெட்டர் அழகாக இருந்தது.

சிட்டு


மார்ச் 29

சிட்டுவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் சுகம் என்று உன் நோட்டீஸைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஸ்வெட்டர் அழகாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த ஸ்வெட்டர் எங்கே? நோட்டீஸில் அப்பா மட்டும் சிரிக்கிறார். அவர் தோளில் நாலு விரல் இருக்கிறது. விரலுக்குப் பின்னால் ஆளைக் காணோம். என்னைக் கத்தரித்ததுதான் கத்தரித்தாய், விரலையும் சேர்த்துக் கத்தரித்திருக்கக் கூடாதா? பார்க்கிறவர்கள் அப்பாவை ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்று நினைக்கப்போகிறார்கள்.

அதற்குக் கீழே, அப்பா சொன்னதாக, "என் இளைய மகள் நீட்டிய கோப்பை எனக்கு மறுவாழ்வு தந்தது." கோப்பையா? பந்தயத்தில் ஜெயித்தால் கொடுப்பார்களே, அதைத் தவிர வேறெதையும் அப்பா கோப்பை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நீட்டியது யார்? தினம் ரெண்டு வேளை, கை பொறுக்கிற சூட்டில், நான். இளைய மகளாம்! மூத்தவள் ஒருத்தி இல்லாமலா இளையவள் வந்தாள்?

அப்பா என்ன சொன்னார் என்று துடிப்பாய். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிகிறார். சலூன் கண்ணாடியில் ஒன்று ஒட்டியாகிவிட்டது. போதுமா?

இன்னொரு விஷயம். அப்பாவின் முன்கையில் நீலமாகத் திட்டுத்திட்டாகக் கன்றியிருக்கிறது. எங்கேயும் இடித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பல் தேய்த்தால் ஈறில் லேசாக ரத்தம் வேறு. பொடியைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா? டாக்டரைக் கேட்கலாம் என்றால், "நல்லா இருக்கறவனை எதுக்கு இழுத்துட்டுப் போறே" என்று அப்பா சண்டைக்கு வருகிறார்.

அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

நலம்.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். ஒரு பக்கம் முழுக்க நோட்டீஸில் உன் முகம் இல்லை என்ற ஆத்திரம். அது தீர்ந்ததும் கடைசியில், பொடியை நிறுத்தலாமா என்று ஒரு கேள்வி. நான் சின்னப் பிள்ளை இல்லை அக்கா. எனக்குப் புரிகிறது.

உனக்குப் பொறாமை. எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. நான் கொடுத்த ஒன்று அப்பாவுக்கு ஒத்துக்கொண்டது. அது உனக்குப் பொறுக்கவில்லை. அவர் வயசில் நாற்காலியில் இடித்தாலே கன்றிப்போகும். நிறுத்தினால் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், உனக்கு அதுதான் வேண்டுமா?

பெரிய டப்பாவாக ஒன்று அனுப்பியிருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கொடுக்காமல் இருந்தால் அப்பாவிடம் காரணத்தையும் நீயே சொல்.

சிட்டு


ஜூன் 3

சிட்டுவுக்கு,

இத்தனை நாளாக ஏன் எழுதவில்லை என்று கேட்க மாட்டாய் என்று தெரியும். நீயும்தான் எழுதவில்லை. அப்பா இப்போது அபாயத்தில் இல்லை. முதலில் அதைப் படித்துக்கொள், அப்புறம் மிச்சத்தைப் படி.

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா தானே சவரம் செய்துகொள்வேன் என்று பழைய கத்தியை எடுத்தார். இப்போது எழுதும்போது கத்தியைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நோயாளி கத்தி எடுத்துச் சவரம் செய்கிறார் என்றால் வேறென்ன வேண்டும்? தாடைக்குக் கீழே ஒரு சின்னக் கீறல். கடுகளவுதான். "படிகாரத்தை எடு" என்றார், சாவதானமாக. எடுத்துக் கொடுத்தேன். தேய்த்தார். நிற்கவில்லை. துண்டை வைத்து அழுத்தினேன். துண்டு நனைந்தது. வேறு துண்டு வைத்தேன்.

ஆயிரம் தாடை பார்த்த மனுஷன் சிட்டு. கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்தபடி, "இது நிக்கணுமே... ஏன் நிக்கல?" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் படிக்கட்டில் நின்று கத்தினேன். சலூன்காரர் பாதி சவரத்தில் இருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, ஆம்புலன்ஸ் வரும்வரைக்கும் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். தண்ணீர் மாதிரி இளகிக் கிடக்கிறது என்றார்கள். டாக்டரம்மா கேட்டார், "மாத்திரை தவிர வேற என்ன எடுத்துக்கறார்?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லீங்க. வீட்டுச் சாப்பாடுதான்."

கழுத்தில் கட்டு, கையில் ஊசி. அந்த நிலையிலும் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பா பிழைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்காக ஒரு நாளாவது இப்படிப் பொய் சொல்லியிருப்பாரா என்று தோன்றியது. அவ்வளவு மோசம் நான்.

டாக்டரம்மாவிடம் பொடியைப் பற்றிச் சொன்னேன். அப்பா என்னை முறைத்தார். டாக்டரம்மா சொன்னது இது: "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ரத்தத்தை இளக்கற மாத்திரை சாப்பிடறவர் இந்தக் காளான் பொடியெல்லாம் எங்களைக் கேக்காம தொடவே கூடாது. சிலருக்கு ரெண்டும் சேர்ந்தா ரத்தம் உறையாது. கன்னிப்போனப்பவே வந்திருக்கலாமே?"

வந்திருக்கலாம். பெரிய டப்பா வந்த அன்று அதைக் குப்பையில் போடத்தான் கையில் எடுத்தேன். உன் கடிதத்தில் அந்த ஒரு வார்த்தை இருந்தது. நான் பொறாமைக்காரி இல்லை என்று உனக்குக் காட்டுவதற்காக அன்றைக்கே ஒரு ஸ்பூன் குவித்துப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

நீ எழுதியது பொய்யில்லை. எனக்குப் பொறாமைதான், வயிறெல்லாம் எரிந்தது. ஆனால் பொறாமைக்காரி கண்ணுக்கும் கன்றிப்போனது கன்றிப்போனதாகத்தான் தெரியும் சிட்டு.

அக்கா


ஜூன் 24

சிட்டுவுக்கு,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பொடியை நிறுத்தியாகிவிட்டது, மாத்திரை அளவையும் மாற்றியிருக்கிறார்கள். உனக்கு உடம்பு சரியில்லையா? ஞாயிற்றுக்கிழமை போனையும் காணோம் என்று அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். என்னோடு பேச வேண்டாம். அவரோடாவது பேசு.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைவலி இருக்கிறது. அது போகவே இல்லை அக்கா. மண்டபத்தில் சொல்லிச் சொல்லி, போய்விட்டதென்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஒரு கூட்டம் இருந்தது. போகாமல் இருந்திருக்கலாம். போனேன். வழக்கம்போல அப்பா நோட்டீஸைத் தூக்கிக் காட்டி ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "எங்க அப்பாவும் ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடறாரு. அவரு குடிக்கலாமாங்க?" என்று கேட்டாள்.

குழுத் தலைவி என்னைப் பார்த்துச் சிரித்தபடி தலையாட்டினார், சொல்லு, சொல்லு என்று. "குடுக்காதீங்க. டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தேன். மைக் கூவென்று கத்தியது. நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளே இன்னொரு அப்பாவின் படத்தோடு புதிதாக அடித்துவிட்டார்கள். வீட்டில் இருந்த டப்பாக்களைத் திருப்பி அனுப்பினேன். வாங்கினவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சிலர் கதவைத் திறக்கிறார்கள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் பல காகிதம் கிழித்தாயிற்று. எப்படி எழுதினாலும் மேடைப் பேச்சு மாதிரியே வருகிறது. அதனால் வேறொன்று எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா என்னோடு என்ன பேசுவார் என்று நினைக்கிறாய்? "பெரியவ புது மெத்தை விரிச்சா. பெரியவ சொல்லிட்டா, நான் தனியா படி இறங்கக் கூடாதாம். பெரியவ வெக்கற சூப்புல உப்பே இல்லை, ஆனா உடம்புக்கு நல்லதாம்." நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பார், பதில் சொல்வதற்குள், "இரு, பெரியவ கூப்பிடறா" என்று வைத்துவிடுவார். எனக்கு இருந்ததெல்லாம் அந்த ஸ்பீக்கர் சத்தம்தான். நான் அனுப்பிய ஒன்றாவது அவர் தொண்டைக்குள் இறங்கட்டும் என்று இருந்தது. நீ அவரைத் தொடுகிறாய், தூக்குகிறாய், திட்டுகிறாய். பொறாமைக்காரி என்று உன்னைச் சொன்னேனே, அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தாய்?

அக்கா, நான் வருகிறேன். கொஞ்ச காலம் அப்பாவோடு நான் இருக்கிறேன். நீ இங்கே வந்து இரு. வீடு காலியாகத்தான் கிடக்கிறது, அவர் குளிர்காலம் வரை கப்பலை விட்டு இறங்கமாட்டார். ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.

சிட்டு


ஆகஸ்ட் 20

அன்பு அக்காவுக்கு,

நீ ரயிலேறிப் போனதிலிருந்து அப்பாவும் நானும் நலம். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, டாக்டரம்மாவே சொன்னார். கழுத்துக் காயம் இருந்த இடம் தெரியவில்லை. அங்கே என் பக்கத்து வீட்டுக்கார அம்மா உன்னை நச்சரிக்கிறாரா? என் கட்டில் உன் முதுகுக்கு ஒத்துக்கொண்டதா?

இங்கே நான் படுகிற பாட்டைக் கேள். நான் சூப் வைத்தால், "பெரியவ கேரட்டைப் பொடிசா நறுக்குவா." மாத்திரை கொடுத்தால், "பெரியவ உள்ளங்கையில வெச்சுக் குடுப்பா, இப்படி மூடியில போட்டு நீட்ட மாட்டா." தலையணை உயரம் சரியில்லை. நான் கதவைச் சாத்துகிற விதம் சரியில்லை. வராந்தாவில் நடக்கும்போது என் தோளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உன் தோள் ரொம்பத் தாழ்வா இருக்கு, எனக்குப் பிடிமானமே இல்லை" என்கிறார்.

நேற்று சலூனில் போய் உட்கார்ந்தார். நானும் கூடப் போயிருந்தேன். முடி வெட்ட வந்த யாரோ, "இவங்கதான் உங்க பொண்ணா?" என்று கேட்டார். அப்பா சொன்ன பதில்: "இது சின்னது. என் பெரியவளை நீங்க பாக்கலியே. அவ கண்ணாடிக் கடையில இருக்கா. அவ கை வெச்சா ஃபிரேம் மூக்குல இருக்கறதே தெரியாது. என்னை எழுப்பி நடக்க வெச்சது அவதான். அவ இல்லாம வீடு வீடாவே இல்லை."

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன் அக்கா. கை நிறைய அவர் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சலூன்காரர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சீப்பைத் தேட ஆரம்பித்தார்.

இதை உன் முகத்துக்கு நேரே ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாரா? மாட்டார் என்று இப்போது எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிறவளைக் குறை சொல்லவும், எட்டத்தில் இருக்கிறவளைத் தூக்கி வைத்துப் பேசவும்தான் அவருக்கு வாய் வரும்போல. நாம் இருவரும் ஒருத்தி தலையை ஒருத்தி பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ரெண்டு மனசாக இருந்தது. நிஜமாகச் சொல்கிறேன், கை வரவில்லை. எனக்கு அவ்வளவு எரிச்சல். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

தினம் காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, "பெரியவ எப்ப வர்றா?"

எப்போது வருகிறாய்?

சிட்டு


செப்டம்பர் 6

அன்புள்ள சிட்டுவுக்கு,

அக்கா சுகம். நிஜமாகவே சுகம், பாதியெல்லாம் இல்லை. இங்கே படிக்கட்டு இல்லாததால் முழங்கால் சொன்னபடி கேட்கிறது. உன் தலைவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? கண்ணைச் சோதித்துக்கொள் என்று நான் சொன்னதைச் செய்தாயா? எங்கள் கடைக்கே போ. என் பெயரைச் சொல்.

வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்து, கப்பல்களின் கொம்புச் சத்தத்தைக் கேட்டபடி டீ குடிக்கிறேன். யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டம்மா ஒருநாள் வந்து, உன் பொடி இருக்கிறதா என்றார். அவர் சாப்பிடுகிற மாத்திரைகளையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, அத்தனையையும் ஒரு பையில் போட்டு, அவருடைய டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். அதன் பிறகு தினம் வந்து உட்கார்ந்து கதை பேசுகிறார். நல்ல மனுஷி.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். உன் தெருமுனையில் பெண்களுக்கு முடி வெட்டுகிற கடை இருக்கிறதே, அங்கே போய்க் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து என் தலையில் அப்பாவின் கத்தரியைத் தவிர வேறு கத்தரி பட்டதில்லை. அவரிடம் இப்போதைக்குச் சொல்லிவிடாதே, பின்கழுத்துக்கு மார்க் போட ஆரம்பித்துவிடுவார்.

உன் கடிதத்தைப் படித்தேன். எத்தனை தடவை என்று கேட்காதே. சலூனில் அவர் சொன்ன பகுதி இப்போது எனக்கு மனப்பாடம். அதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? எழுதினாயே. நானாக இருந்தால் எழுதியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ மருந்துப் பையோடு நின்றதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது. பாவம் கொஞ்சம் கம்மி, சிரிப்பு கொஞ்சம் அதிகம். கோபித்துக்கொள்ளாதே, அந்த இடத்தில் நான் நிறைய வருஷம் நின்றிருக்கிறேன்.

கேரட்டைப் பொடிசாக நறுக்கு. அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தோளுக்கு ஒன்றும் செய்ய முடியாது, அவரே பழகிக்கொள்வார்.

துணியெல்லாம் மடித்து வைத்தாயிற்று என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் மடிக்கவில்லை. அவர் என்னைத் தேடுகிறார் என்பதை இன்னும் கொஞ்ச காலம் தூரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க ஆசையாக இருக்கிறது. பக்கத்தில் வந்துவிட்டால் அவர் அதை நிறுத்திவிடுவார்.

அப்பா கேட்டால், பெரியவ வருவா என்று சொல். எப்போது என்று மட்டும் சொல்லாதே.

உன் அக்கா